அரை நிமிடப் பெரும்போர்

வாழ்க லைன் சார்! பின்னிப் பிணைந்த நூறு கம்பிகளுக்குள் தனக்கு வேண்டிய ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு உருவியெடுக்கும் விரலினன். கழுத்தில் அடையாள அட்டை, காதில் பென்சில், இடுப்பில் ஸ்க்ரூடிரைவர் என முப்படை தாங்கிய மேனியன். ஆபீஸ் மீட்டிங்கில் வரும் கொட்டாவியை வாய் திறவாமல் மூக்கு வழியாகவே விட்டுவிடும் யோகநிலை கைவரப் பெற்றவன். இணைப்பு என்ற சொல் காதில் விழுந்தாலே தோள் பூரிப்பவன். டயல் டோனில் குடியிருக்கும் தாயே, எங்கள் நாவில் வந்தமர்ந்து, அவன் பொருத போரைத் தொடங்கிய இடத்திலிருந்து முடிகிற இடம்வரை சொல்ல அருள்வாய். நடுவில் மட்டும் கட் ஆகிவிடாதே.

லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றின் ஸ்டோர் ரூமிலே, துடைப்பங்கள் வேலேந்தி நிற்க, காலி அட்டைப்பெட்டிகள் மதிலெனச் சூழ, தூசியே பொன்முடியாக வீற்றிருந்தது ஒரு பழைய கம்ப்யூட்டர். அலுவலகம் அதைப் பெரியவர் என்று அழைத்தது. ஊரில் எந்த லிஃப்ட் எந்த மாடியில் நின்றாலும், உள்ளே மாட்டிக்கொண்டவர் போனில் அலறும் அலறல் முதலில் பெரியவரிடம் வந்து, அவர் வழியாகத்தான் ரிசப்ஷனுக்குப் போகும். அவருக்குள் ஓடியது ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். அதாவது, யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், யாரும் பிரித்துப் பார்க்கலாம், பழுதானால் யாரையும் திட்ட முடியாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், மீசை சரியாக முளைக்காத காலத்தில், லைன் சார் தன் கையாலேயே அதை நிறுவினான். பெற்ற பிள்ளையைக்கூட அவன் அத்தனை நேரம் உற்றுப் பார்த்ததில்லை.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த நாட்டில், முதலாளி தன் மச்சான் வீட்டு விசேஷத்துக்குப் போய்வந்தார். போனவர் சும்மா வரவில்லை. மச்சான் கம்பெனியில் டெலிபோன் எல்லாம் க்ளவுட் எனும் மேகத்தில் இருக்கிறது என்ற செய்தியோடு வந்தார். மச்சானிடம் இருப்பது தன்னிடம் இல்லாத வாழ்வும் ஒரு வாழ்வா? மறுவாரமே மேகப் பேரரசோடு ஒப்பந்தம் ஆயிற்று. கோட்டை எங்கே இருக்கிறதென்று எவரும் கண்டதில்லை, கதவுகள் உண்டு, சாவி அவர்களிடம் மட்டுமே, உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் அது தொழில் ரகசியம்: அப்பேர்ப்பட்ட பேரரசு. பெரியவரையும் பேரரசையும் கைகோத்து வைக்கும் திருப்பணி லைன் சாரின் தலையில் விழுந்தது.

கோத்தான். கோத்த முதல் நாளே வெளியிலிருந்து ஓர் அழைப்பு மணியடித்தது, குரல் வந்தது, அலுவலகமே கைதட்டியது. கைதட்டி ஓய்வதற்குள் லைன் கட் ஆனது. மறுபடி வந்தது, மறுபடி கட் ஆனது. நின்ற லிஃப்டுக்குள் நிற்பவராயினும், நாற்காலியில் சாய்ந்திருக்கும் பெருந்தனக்காரராயினும், வெளியிலிருந்து அழைத்தவர் எவரும் அரை நிமிடத்துக்கு மேல் பேச இயலவில்லை. எமன்கூடக் கொஞ்சம் முன்பின்னாக வருவான். இந்த அரை நிமிடம் தவறியதே இல்லை.

கொதித்தெழுந்தான் வீரன். கீபோர்டு என்னும் தேரேறி, காபி என்னும் சங்கை ஊதிக் குடித்து, பேரரசின் சேவைப் பிரிவை நோக்கிப் புகார்க் கணைகளைத் தொடுத்தான். கணை ஒவ்வொன்றும் போன வேகத்தில் ஒரு பிரகடனமாகத் திரும்பி வந்தது: “தங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது.” அடுத்த கணைக்கு, “எங்கள் பக்கம் அனைத்தும் சரியாக உள்ளது.” அதற்கடுத்த கணைக்கு வேறொருவர் புதிதாக வந்து வணக்கம் கூறி, பிரச்சினையை முதலிலிருந்து சொல்லும்படி பணிவோடு கேட்டுக்கொண்டார். முதலிலிருந்து சொல்லிச் சொல்லி, லைன் சாருக்குத் தூக்கத்திலும் அது பாடமாக வந்தது. “எல்லாம் அவனுங்க பக்கம்தான் கோளாறு” என்று அவன் சூளுரைக்காத நாளில்லை. அலுவலகமும் அதை நம்பியது.

போர் நீள நீள, நாட்டு மக்கள் அதற்குப் பழகிப்போனார்கள். ரிசப்ஷனில் இருந்த அக்கா, முன்பெல்லாம் அழைத்தவரின் சொந்த ஊர்வரை விசாரிக்கிறவள், இப்போது மூச்சு விடாமல், “எந்த பில்டிங், எந்த மாடி, உள்ள எத்தன பேரு, பயப்படாதீங்க, ஆள் வருது” என்று முடித்துவிட்டு வைத்தாள். எந்நேரமும் மடிப்புக் கலையாத சட்டையில் திரிந்ததால் மாப்பிள்ளை என்று பெயர் வாங்கிய விற்பனைக்காரன், புகார் சொல்பவர் வந்தால் தொண்டையைக் கனைத்தே காலத்தைக் கடத்தினான். மீதியைப் பெரியவர் பார்த்துக்கொண்டார். லிஃப்டின் பிறப்பு வளர்ப்பிலிருந்து தொடங்குகிற அடுக்குமாடிச் செக்ரட்டரிகூடத் திருந்தி, “நாலாவது மாடி, கதவு, சீக்கிரம்” என்று நாலே சொல்லில் அழுதார். வேலை முன்னைவிட வேகமாக நடந்தது என்பதை லைன் சாரிடம் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை.

பழகாதவள் ஒருத்தி உண்டு. அவள் லைன் சாரின் இல்லத்தரசி. அவர்கள் வீட்டுக் குளியலறை பல்பு ஃப்யூஸ் ஆகி வாரங்கள் ஆகியிருந்தன. இருட்டுக்குள் மொபைல் டார்ச்சை வாளியில் சாய்த்துவைத்துக் குளித்துவிட்டு வந்த நாயகன், “கெளம்பற நேரத்துக்கு ஆபீஸுக்கு போன் பண்ணி ஞாபகப்படுத்து, வாங்கிட்டு வரேன்” என்று தினமும் வாக்களித்தான். அவன் மொபைலோ, வேலை நேரம் முழுவதும் சத்தமில்லாமல் மேஜை டிராயருக்குள் மௌன விரதம் இருக்கும். ஆகவே அவளும் தினமும் அலுவலக எண்ணுக்கே அழைத்தாள். பிள்ளையின் சளி, அண்ணன் வருகை, பக்கத்து வீட்டுக் குழாய் என்று வரிசையாகச் சொல்லி, பல்புக்கு வருவதற்குள் கட் ஆகும். அது மெஷின் செய்கிற வேலை என்று அவன் சொன்னதை அவள் நம்பவில்லை. பேச்சுப் பிடிக்காமல் இவரே வைத்துவிடுகிறார் என்று அவள் மனத்தில் ஆழமாகப் பதிந்துவிட்டது.

இதற்கிடையில் நம் வீரன் ஒரு சூழ்ச்சியும் செய்தான். முதலாளியும் மச்சானும் பார்வையிட வந்த அன்று, ஸ்டோர் ரூமிலிருந்து ரிசப்ஷனுக்கு இன்டர்காமில் பேசி, “பாருங்க, லைன் கட்டாகாம நிக்குது” என்று காட்டினான். கட்டடத்துக்குள்ளே சுற்றும் அழைப்பு மேகத்தை எட்டிக்கூடப் பார்க்காது என்பது மச்சானுக்குத் தெரிந்திருந்தது, அதை அவர் சபையிலேயே போட்டு உடைத்தார். மச்சான் முன்னால் தலைகுனிந்த முதலாளி கர்ஜித்தார்: “வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு நானே வரேன். வெளியிலேருந்து வர்ற போன் ஒண்ணு அஞ்சு நிமிஷம் நிக்கணும். இல்லன்னா இந்தப் பெட்டியத் தூக்கிப் போட்டுட்டு மொத்தத்தையும் மேகத்துக்கே குடுத்துடுவேன்.”

அப்போதுதான், படை திரண்ட சபை நடுவே, மார்பில் அறைந்து வஞ்சினம் கூறினான் லைன் சார்: “பெரியவர வெளிய போட்டா, அவரோட நானும் வெளிய போயிடறேன்!”

“சரி” என்றார் முதலாளி.

அந்தச் சொல் இவ்வளவு சுருக்கமாக ஏற்றுக்கொள்ளப்படும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. இந்த வயதில் வேறெங்கே போய் யாரிடம் வேலை கேட்பது?

வெள்ளிக்கிழமை வந்தது. பேரரசின் கோட்டையை முட்டி முட்டி நெற்றி வீங்கியவன், வேறு வழியின்றி, கடைசியாகப் பெரியவரின் சொந்த வயிற்றைத் திறந்து பார்த்தான். ஆயிரம் வரி செட்டிங்ஸ் கோப்பினுள் ஒரு வரிக்கு மேலே, பல ஆண்டுகளுக்கு முன் அவனே எழுதிவைத்த எச்சரிக்கை நின்றது: இந்த வரியில் கை வைக்காதே, வைத்தால் நான் பொறுப்பல்ல. இத்தனை ஆண்டும் வேறு வேலையாக அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம், தன் எழுத்துக்குத் தானே மரியாதை செலுத்தி, செருப்பைக் கழற்றாத குறையாகத் திரும்பிப் போயிருந்தான். இன்று அந்த வரியைப் படித்தான்.

நடந்தது இதுதான். அழைப்பு வந்ததும் பெரியவர் மேகத்திடம், “எடுத்துவிட்டேன், கிடைத்ததா என்று பதில் போடு” என்பார். பதில் போட விலாசம் வேண்டுமே? வாசல் விலாசத்தைக் கொடுப்பதற்குப் பதில், கட்டடத்துக்குள் மட்டுமே செல்லும் ஸ்டோர் ரூம் விலாசத்தைக் கொடுத்தார். மேகம் மரியாதையாக, தவறாமல், ஒவ்வொரு முறையும் பதில் போட்டது. அது வழி தெரியாமல் தொலைந்தது. பெரியவரோ அரை நிமிடம் பொறுத்துப் பார்த்து, மதிக்கத் தெரியாத பயலோடு என்ன பேச்சு என்று தாமே லைனைக் கத்தரித்தார். வெளி விலாசமே தேவைப்படாத, மேகம் வராத காலத்தில் அந்த விலாசத்தை எழுதிவைத்தவன் லைன் சார். பேரரசு இந்தப் போரில் ஒரு கணைகூட எய்யவில்லை. அவன் காது மடல் சூடேற, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரே ஒரு வரியைத் திருத்தி மூடினான். யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்து மணிக்கு முதலாளி வந்து ரிசப்ஷனில் நாற்காலி போட்டு அமர்ந்தார். கைக்கடிகாரம் கழற்றி மேஜைமேல் வைக்கப்பட்டது. ஸ்பீக்கர் போடப்பட்டது. படைகள் மூச்சடக்கி நின்றன. முதல் அழைப்பு மணியடித்தது.

“நாலாவது மாடி, கதவு, சீக்கிரம்” என்று சொல்லிவிட்டுச் செக்ரட்டரி வைத்துவிட்டார்.

அடுத்தவரும் அப்படியே. அதற்கடுத்தவர் கட்டட விலாசத்தைக்கூடப் பாதிதான் சொன்னார். ஐயகோ, கோட்டை வாயில் திறந்து கிடக்கிறது, நுழைவதற்கு ஆள் இல்லை! அக்கா தன்னாலான வீரத்தைக் காட்டினாள். “அப்புறம் சார்? வீட்ல எல்லாரும் சௌக்கியமா? பசங்க என்ன படிக்கறாங்க?” என்று ஒருவரைப் பிடித்து இழுக்க, அவர் பயந்துபோய், “ஏம்மா, ஆள் வர மாட்டாங்களா?” என்று கேட்டுவிட்டு வைத்தார். முதலாளி கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு எழுந்தார். ஸ்டோர் ரூம் பக்கம் திரும்பினார். லைன் சார் டெலிபோனையே முறைத்துக்கொண்டு மேஜையருகே நின்றான்.

அப்போது மணியடித்தது. லைன் சாரே பாய்ந்து, “ஹலோ” என்றான்.

“ஏங்க, நான்தான். கட்டாகறதுக்குள்ள சொல்லிடறேன். பையனுக்கு சளி விட்ருச்சு, அண்ணன் நாளைக்கே வராராம், பக்கத்து வீட்டுல கொழாய் சரி பண்ணிட்டாங்க, அவங்க வீட்டுக்காரரே பண்ணிட்டாரு…” என்று ஓட்டமாக ஓடிய குரல், அரை நிமிடம் நெருங்கியதும் பழக்கப்பட்ட மாட்டு வண்டி போலத் தானாக நின்றது. கட் ஆவதற்காகக் காத்திருந்தது. கட் ஆகவில்லை.

“என்னங்க… இன்னும் இருக்கீங்களா?”

“இருக்கேன்” என்றான் லைன் சார்.

அணை உடைந்தது. வாரக்கணக்கில் அரை அரை நிமிடமாகச் சேர்த்துவைத்ததெல்லாம் ஒன்றாகத் திரண்டு, அந்த ரிசப்ஷனில் கொட்டியது. “ஊருக்கெல்லாம் லைன் குடுக்கறீங்க, எனக்கு மட்டும் கட் பண்றீங்க. நான் என்ன அவ்ளோ கேக்கச் சகிக்காமயா பேசறேன்? சாப்பிடும்போதும் அந்த மெஷின் பேச்சு, படுத்தாலும் அந்த மேகத்தத் திட்டறது. என்னைக்காவது நீ எப்படி இருக்கேன்னு கேட்டீங்களா?” மாப்பிள்ளை சுவரில் இருந்த காலண்டரை ஆழ்ந்து படித்தான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கடிகாரம் ஐந்து நிமிடத்தைத் தாண்டியது; முதலாளி போதும் என்று கை காட்டினார். இனி வைத்துவிடலாம், வீரன் வென்றுவிட்டான். அவன் விரல் பட்டன்வரை போய், அங்கேயே நின்று, திரும்பி வந்தது.

“நெசமா சொல்லுங்க, கட்டானது மெஷினாலயா, நீங்களா?” என்று கேட்டாள் அவள்.

சபை முழுவதும் அவனைப் பார்த்தது. வாள், வேல், வஞ்சினம் எல்லாவற்றையும் கீழே வைத்தான் லைன் சார். “மெஷின்தான் கட் பண்ணுச்சு. ஆனா தப்பு மேகத்துல இல்ல, என்னோடது. நான்தான் விலாசத்த மாத்திக் குடுத்து வெச்சிருந்தேன். என் மேல தப்பு இருக்கும்னு பாக்கவே இல்ல.”

லைன் இன்னும் உயிரோடு இருந்தது.

“இத அரை நிமிஷத்துலயே சொல்லியிருக்கலாமே” என்றாள். குரல் இறங்கியிருந்தது. “சரி, வரும்போது குளிக்கற ரூமுக்கு ஒரு பல்பு வாங்கிட்டு வாங்க.”

முதலாளி தொண்டையைச் செருமி, “பெட்டி இருக்கட்டும், நீயும் இரு” என்றார். முழங்கின முரசுகள், அதாவது மாப்பிள்ளை மேஜையைத் தட்டினான். பேரரசும் பெரியவரும் கைகோத்து நிற்க, துடைப்பங்கள் தலைவணங்க, மணமாலை சூடிய மன்னனைப் போல மார்பு விம்மி, இல்லாளின் சொல் ஒவ்வொன்றும் செவியில் தேனாய் ஒலித்துக்கொண்டேயிருக்க, மாலை வெயில் பொன்தூவிய கடைத்தெருவை இருபுறமும் நோக்கி முறுவலித்தபடி, இணைப்புகளின் ஏகச் சக்கரவர்த்தியான லைன் சார் தன் இருசக்கரத் தேரிலேறி வீடு போய்ச் சேர்ந்தான்.

பல்பு வாங்க மறந்துவிட்டான்.