பெரிய பாக்கெட் திட்டம்

நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு மனித குலம் எடுத்துவைத்த அடுத்த பெரிய அடி, அந்த மருத்துவமனையின் கணினிக் கம்பிகளில் ஓடும் தகவல் பாக்கெட்டுகளை ஆறு மடங்கு பெரிதாக்கியதுதான். கணினிப் பிரிவுத் தலைவருக்கு இதில் துளியும் ஐயமில்லை. பெரிதாக்கியவர் அவரே.

ஸ்கேன் படங்கள் அதுவரை துண்டு துண்டாக, சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாகத்தான் அறுவை அரங்குக்குப் போய்க்கொண்டிருந்தன. இனிப் பெரிய பாக்கெட், குறைந்த நடை, மின்னல் வேகம் என்று அறிவித்துக் கைதட்டல் வாங்கினார். எல்லா இயந்திரங்களும் கீழ்ப்படிந்தன. வழியில் கம்பிகளை இணைத்துப் பாக்கெட்டுகளைக் கைமாற்றிவிடும் ஒரு ஸ்விட்ச் பெட்டிக்கு மட்டும் தொண்டை சிறிது. சுவரின் நிறத்துக்குப் பொருந்துகிறது என்று அதைத் தேர்ந்தெடுத்தவரும் தலைவர்தான். பெரிய பாக்கெட் வந்தால் அது சத்தம் போடாமல் கீழே போட்டுவிடும். யாரிடமும் மூச்சு விடாது. பச்சை விளக்கை மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கும். ஓர் உயர் அதிகாரிக்கு வேண்டிய தகுதி அத்தனையும் அதற்கு இருந்தது.

முதல் நாளே அறுவை அரங்கிலிருந்து டாக்டர் கூப்பிட்டார்.

"நோயாளி பேர் வருது, வயசு வருது. தலை ஸ்கேன் மட்டும் வரலையே?"

"சோதிச்சுட்டேன் டாக்டர். 'இருக்கியா'ன்னு ஒரு சின்ன பாக்கெட் அனுப்பினேன். 'இருக்கேன்'னு உடனே பதில் வந்துச்சு. லைன் ஜம்முனு இருக்கு."

"அப்போ படம்?"

"அது படத்தோட சொந்தப் பிரச்சினை."

அடுத்து மனைவி கூப்பிட்டாள்.

"என்னங்க, எங்க அண்ணன் மாடிப்படியில உருண்டுட்டாரு. இங்கதான் கொண்டுவந்து படுக்க வச்சிருக்கோம். படத்தைப் பாக்காம தலையில கை வைக்க மாட்டேங்கறாரு டாக்டர். அது உங்க கம்பியிலதான் மாட்டிக்கிட்டிருக்காம்!"

மச்சான் மேல் தலைவருக்கு உண்மையான பாசம். பழைய அளவுக்குத் திருப்ப ஒரு நிமிடம் போதும் என்பதும் தெரியும். ஆனால் திருப்பினால் திட்டம் தோற்றது என்று பெயர் வந்துவிடும். எனவே பல்லைக் கடித்துப் பாசத்தை அடக்கிக்கொண்டு, அவசரக் கூட்டம் கூட்டினார்.

"சின்னது போகுதில்ல? அப்ப பெருசும் போகத்தானே வேணும்?" என்றார் கணக்கு அதிகாரி.

"போகலைன்னா?" என்றார் நிர்வாகி.

"போயிட்டதா எடுத்துக்கலாம்."

'வலைப்பின்னல் பூரண நலம்' என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதற்குள் பொறுமையிழந்த ஸ்கேன் அறை ஊழியர் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அறுவை அரங்குக்கு ஓடிவிட்டார். திட்டத்தை அவமதித்ததற்காக அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது.

மச்சான் பிழைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அவர் கண் விழித்ததும், தலைவர் முகத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு வார்டுக்குப் போனார். மனைவி நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"எப்படி இருக்கார்?"

"டாக்டர்கிட்ட சொன்னீங்களாமே, அந்தச் சோதனைப்படி பாத்தா ஜம்முனு இருக்காரு. பேரைச் சொல்லிக் கூப்பிட்டா 'ம்'ங்கறாரு. அதுக்கு மேல ஒரு வார்த்தை வர மாட்டேங்குது. கொஞ்சம் முன்னாடியே படம் வந்திருந்தா பேசியிருப்பாராம்."

தலைவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்க கூட்டத்துல எல்லாரும் நல்லா பேசினீங்களா?" என்றாள் மனைவி.