படம் எடுக்கறீங்களா, நாங்க தள்ளிக்கறோமுங்க

மைசூரில் இருக்கும் பேரன்புள்ள பிரான்சிஸ் மாமாவுக்கு,

சிங்காநல்லூரிலிருந்து கிருபா எழுதுவது. இங்கே அப்பாவும் அம்மாவும் நலம், என் பல்லில் கட்டியிருக்கும் கம்பியும் நலம். அங்கே நீங்களும் அத்தையும் ஆதர்ஷ் அண்ணனும் சுகமாக இருக்கக் கர்த்தரை வேண்டிக்கொள்கிறேன்.

இந்தப் பெட்டிக்குள் உங்கள் கேமராவைத் துண்டில் சுற்றி வைத்திருக்கிறேன். உங்களுக்குப் பிடித்த அந்தப் பெரிய புகைப்படக்காரர் எடுப்பதுபோல, நம் ஊரின் சாதாரண நிமிடம் ஒன்றை, யாரும் போஸ் கொடுக்காமல், அரைப்பரீட்சை லீவுக்குள் ஒரே ஒரு படமாக எடுத்துக் காட்டினால் கேமரா எனக்கு, இல்லாவிட்டால் தன் பைக்கைப் படம் எடுக்கத் துடிக்கும் ஆதர்ஷ் அண்ணனுக்கு என்றீர்கள். நாளை பள்ளி திறக்கிறது. தோற்றுவிட்டேன் மாமா. ஆனால் அதில் கோயமுத்தூர்க்காரர்களுக்கும் பங்கு உண்டு.

முதலில் டவுன்ஹால் பக்கம் ஒரு சந்தில் மழைத்தண்ணீர் தேங்கிய குழியைக் கண்டுபிடித்தேன். யாராவது தாண்டுவார்கள், கால் காற்றில் இருக்கும்போது எடுத்துவிடலாம் என்று எதிரே குத்தவைத்துக் காத்திருந்தேன். டீ வாங்கத் தூக்குப்போசியோடு வேகமாக வந்த ஒரு பெரியவர், தாண்டப் போன காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "ஏனுங்க அம்மணி, படம் எடுக்கறீங்களா? எடுங்க எடுங்க, நான் நின்னுக்கறேனுங்க." பரவாயில்லைங்க, தாண்டுங்க என்று கெஞ்சினேன். "குறுக்க வந்து படத்தைக் கெடுத்துப்போடுவேன் கண்ணு" என்று ஓரமாக ஒதுங்கிவிட்டார். அவருக்குப் பின்னால் வந்த எல்லோரும் அவரைப் பார்த்து நின்றார்கள். எனக்குக் கிடைத்தது குழி மட்டும்தான். மறுநாள் போனால் அதுவும் இல்லை! நான் பத்திரிகையிலிருந்து வந்ததாக நினைத்து யாரோ மண் கொட்டி மூடிவிட்டார்களாம்.

அடுத்து பூ மார்க்கெட். மல்லிகை கட்டும் வள்ளியாத்தாள் அக்காவின் விரல்களை அவருக்குத் தெரியாமல் எடுக்கத் தூணுக்குப் பின்னால் ஒளிந்தேன். "ஆரது? நம்ம பாப்பாவா! இந்தச் சீலையோடயா எடுக்கறது, இரு கண்ணு, வாரேன்" என்று போனவர் பட்டுச்சேலையில் திரும்பி வந்து, ஆதார் அட்டைக்கு உட்கார்வதுபோல விறைப்பாக உட்கார்ந்தார். விரல்களைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டார்.

கடைசி நம்பிக்கை காந்திபுரம் டவுன் பஸ். படிக்கட்டில் கொத்தாகத் தொங்கும் கூட்டம், அதன் நடுவில் கண்டக்டர் திருமலைசாமி. கேமராவைத் தூக்கியதும் அவர் விசில் ஊதி வண்டியை நிறுத்திவிட்டார். "ஏனுங்க, அம்மணி படம் எடுக்குது, எல்லாரும் உள்ள தள்ளிக்கங்க!" நாள் முழுக்கக் கத்தினாலும் நகராத கூட்டம் ஒரே நொடியில் உள்ளே போய்விட்டது. காலிப் படிக்கட்டை எடுத்தேன். "தினமும் வந்துபோடு கண்ணு" என்று கும்பிட்டுவிட்டு அவர் கிளம்பினார்.

இத்தனை மரியாதையான ஊரில் அந்தப் புகைப்படக்காரரே வந்தாலும் வெறும் ரோட்டைத்தான் எடுத்திருப்பார் மாமா. கேமராவை ஆதர்ஷ் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். லென்ஸைச் சட்டையில் துடைக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லுங்கள். அத்தைக்கு என் வணக்கம், உங்களுக்கு என் முத்தம்.

இப்படிக்கு,
கண்ணீரை அடக்கிக்கொண்டிருக்கும்
கிருபா

பி.கு.: பெட்டியை ஒட்டும் முன் அம்மா படங்களைப் பெரிய திரையில் பார்க்கக் கேட்டார். "இதென்னடி, ஓரத்துல ஒரு மூக்கு?" என்றார். மாமா, நான் குழியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்! படத்தின் இரண்டு ஓரத்திலும் ஆட்கள். தூக்குப்போசிப் பெரியவர் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்கிறார். ஓர் அம்மா தன் பிள்ளையின் சட்டைக் காலரைப் பிடித்து இழுக்கிறார். எதிர்ப்பக்கம் சைக்கிள்காரர் ஒற்றைக் காலில் தள்ளாடுகிறார். அத்தனை பேரும் படத்தில் விழாமல் இருக்கப் பாடுபடுகிறார்கள், ஒருவர்கூடப் போஸ் கொடுக்கவில்லை. இதைவிட நம் ஊர் எப்படி இருக்கும்? படத்தைப் பிரிண்ட் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். கேமராவை வெளியே எடுத்துவிட்டேன். பெட்டி வீணாக வேண்டாமென்று அம்மா இனிப்புக் கச்சாயம் சுட்டு வைத்திருக்கிறார். அதை ஆதர்ஷ் அண்ணனிடம் கொடுத்துவிட்டு, விஷயத்தை நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.