திமிங்கலத்தின் கண் பற்றி ஒரு திருத்தம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. நீயும் வீட்டில் உள்ளவர்களும், நீ பழுது பார்க்கும் இன்ஜின்களும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகம் போதாது. முப்பத்தெட்டு வருஷம் பத்திரிகை நிருபராக இருந்தவனுக்கு முக்கியமானதை முதல் பத்தியில் சொல்லத் தெரியும், அதனால் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாதம் பதினான்காம் தேதி காலை, நீ இருக்கும் அந்தக் குளிர் தேசத்தில், நீ இன்ஜின் பார்க்கும் படகில் ஓர்க்கா திமிங்கலம் பார்க்க எனக்கும் உன் அக்காவுக்கும் பிடித்து வைத்திருக்கிறாயே இரண்டு இடம், அதை விட்டுவிடு. நாங்கள் வரவில்லை. படகு கேப்டனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். இனிமேல் வருவது காரணங்கள்.

கண் ஆஸ்பத்திரியில் ஐந்து மாதத்துக்கு முன்பு டாக்டரம்மா சொன்னது உனக்குத் தெரியும். உன் அக்காவின் பார்வையில் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறது. ஓரம் நிற்கும். எதை நேராகப் பார்க்கிறாளோ அது மறையும், அதற்குப் பக்கத்தில் இருப்பது தெரியும். இப்போதே என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் என் இடது காதைப் பார்த்துத்தான் பேசுகிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள் என் காதில் ஏதோ இருக்கிறது என்று நினைத்து அவர்களும் அங்கேயே பார்க்கிறார்கள். "ஏதாவது பாக்கணும்னு ஆசை இருந்தா இந்த வருஷமே பாத்துடுங்கம்மா, தள்ளிப் போடாதீங்க" என்றார் டாக்டரம்மா. உன் அக்கா இரண்டு மாடி இறங்கினாள். வாசலில் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, "ஓர்க்கா" என்றாள். நான் உன் பெயரை எதிர்பார்த்தேன். வருத்தப்படாதே, இரண்டாவது இடம் உனக்குத்தான்.

ஏன் ஓர்க்கா என்று நீ போனில் கேட்டாய், நான் மழுப்பினேன். இப்போது எழுதுகிறேன். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்பு, பக்கத்தில் அரைப் பத்தி காலியாக இருந்த ஒரு நாள், அந்தக் கறுப்பு வெள்ளைத் திமிங்கலத்தைப் பற்றி ஒரு துணுக்கு எழுதினேன். முகத்தில் பளிச்சென்று இருக்கும் பெரிய வெள்ளைத் திட்டுதான் அதன் கண் என்று எழுதினேன். படத்தில் அப்படித்தான் இருந்தது. உன் அக்கா அதே அலுவலகத்தில் பிழை திருத்தும் மேஜையில் இருந்தாள். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, தாளைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். "என்னங்க, இவ்ளோ பெரிய கண்ணா?" என்றாள். "ஆளே அவ்ளோ பெருசு, கண்ணு மட்டும் கடுகாட்டமா இருக்கும்? அடிச்சுட்டுப் போ, பக்கம் மூடணும்" என்றேன். அவள் கேள்விக்குறியை அடித்துவிட்டுப் போனாள். மறுவாரம் ஒரு பள்ளிக்கூட உயிரியல் டீச்சர் கடிதம் எழுதினார். கண் அந்தத் திட்டுக்கு முன்னால், கொஞ்சம் கீழே, கறுப்பிலே கறுப்பாக, சின்னதாக இருக்குமாம். திருத்தம் போடலாமா என்று கேட்டதற்கு எங்கள் ஆசிரியர், "எதுக்கு? திமிங்கலம் கேஸ் போடப் போவுதா?" என்று சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, பிழை திருத்தும் மேஜைக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பினார். நான் அந்த வாரம் தலைமை நிருபர் பதவிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இருபத்தொன்பது வருஷ வேலையில் உன் அக்காவின் கோப்பில் அவளுக்கு எதிராக இருந்த ஒரே தாள் அதுதான். அந்தக் கண்ணைத்தான் அவள் பார்க்க வேண்டும் என்கிறாள். திமிங்கலம் முழுசாகத் தெரியாவிட்டாலும் பரவாயில்லையாம், கண் தெரிந்தால் போதுமாம்.

சரி, என் பாவம், நானே கழுவுகிறேன் என்று ஏற்பாட்டில் இறங்கினேன். இன்ஜினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் சில சமயம் அதுவாகவே படகுக்குப் பக்கத்தில் வந்து தலையைத் தூக்கிப் பார்க்கும் என்று நீ எழுதியிருந்தாய். அதை நம்பி, மொட்டை மாடியில் ஒத்திகை ஆரம்பித்தோம். என்னுடைய பெரிய கறுப்புக் குடையைக் கீழ் வீட்டு டெய்லரிடம் கொடுத்து, வெள்ளைத் திட்டு ஒன்று தைக்கச் சொன்னேன். "கண்ணு எங்க சார் வைக்கணும்?" என்று அவர் கேட்டார். நான் யோசிப்பதற்குள் உன் அக்கா, "திட்டுக்கு முன்னால, கொஞ்சம் கீழ. கறுப்பு பட்டன் தைச்சுக் குடுங்க. இவர்கிட்ட கேக்காதீங்க" என்றாள். பெரிய கோட்டுப் பட்டன், பளபளப்பானது, ஒன்று தைத்துக் கொடுத்தார். தினமும் காலை ஏழு மணிக்கு நான் குடையைப் பக்கவாட்டில் விரித்துப் பிடித்துக்கொண்டு, தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் குனிந்து மறைந்து, எழுந்து, மறுபடி மறைவேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தெரிவதைச் சொல்வாள். நான் நோட்டில் குறித்துக்கொள்வேன். மூன்றாம் நாள் துணி உலர்த்த மாடிக்கு வந்த டெய்லர் நின்று பார்த்தார். "சார், மழையே இல்லையே." "மழைக்கு இல்ல, நான் இப்ப திமிங்கலம்" என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, "அம்மாவுக்குத் தெரியுமா சார்?" என்றார். "அம்மாவுக்காகத்தான்." "சரி சார், சரி சார், நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று துணியை உலர்த்தாமலே இறங்கிப் போனார். ஆறாம் நாள் பாசியில் வழுக்கிக் கணுக்கால் பிசகியது. நான் தொட்டிக்குப் பின்னால் கிடந்து கத்த, "இன்னிக்கு திமிங்கலம் ரொம்ப நேரம் முங்கியிருக்கே, பரவால்ல, நல்லா பண்றீங்க" என்றாள் உன் அக்கா ஸ்டூலிலிருந்து.

அடுத்தது கடல் மயக்கம். அவளுக்குப் படகு ஒத்துக்கொள்ளுமா என்று தெரிய வேண்டாமா? பூங்கா ஏரியில் மிதித்து ஓட்டும் படகு இருக்கிறது, அழைத்துப் போனேன். காற்றே இல்லை. தண்ணீர் தட்டில் ஊற்றியது போலக் கிடந்தது. அவள் பிஸ்கட் தின்றுகொண்டே பாதிப் படகை மிதித்தாள். பதினோராவது நிமிஷம் நான் வாந்தி எடுத்தேன். சரியாக எழுத வேண்டும் என்றால் மூன்று முறை. மூன்றாவது முறை படகுக்காரர் கரையிலிருந்து ஒலிபெருக்கியில், "அந்த அம்மா, பெரியவரைப் புடிச்சுக்கங்கம்மா" என்று அறிவித்தார். ஏரிக்கரை முழுக்கக் கைதட்டியது.

பிறகு பயணக் காப்பீடு. அந்த அலுவலகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் நான் எழுதியதை இரண்டு தடவை படித்தார். "கொலைத் திமிங்கலமா? சார், அது பேர்லயே இருக்கே." ஓர்க்காவுக்கு அப்படி ஒரு பட்டப்பெயர், மனிதரை அது ஒன்றும் செய்யாது என்று விளக்கினேன். "சரி, உங்களுக்கு ஏதாவது ஆனா யாருக்குப் போகணும்?" மனைவிக்கு என்றேன். "அம்மா, உங்களுக்கு ஆனா?" இவருக்கு என்றாள் உன் அக்கா. "ரெண்டு பேரும் ஒரே படகா?" ஆமாம். "அப்ப மூணாவதா ஒருத்தர் பேர் சொல்லுங்க." உன் பெயரைச் சொன்னோம். "அவர் என்ன பண்றாரு?" "அதே படகுல இன்ஜின் பாக்கறாரு" என்றாள் உன் அக்கா. அந்தப் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டார். படிவம் இன்னும் அங்கேயே இருக்கிறது.

இதெல்லாம் பெரிய விஷயமில்லை என்பாய். அடுத்தது பெரிய விஷயம். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. நிகழ்ச்சி நடப்பதற்கு முன்பே செய்தியை எழுதி வைத்துவிடுவோம், எண்ணிக்கைக்கும் நேரத்துக்கும் மட்டும் இடம் விட்டு. இந்தப் பயணத்துக்கும் கை சும்மா இருக்கவில்லை, எழுதினேன். ஒன்றில்லை, மூன்று. திமிங்கலத்தைப் பார்த்தால் ஒன்று, பார்க்காவிட்டால் ஒன்று, படகு கவிழ்ந்தால் ஒன்று. மூன்றாவதில் உன் அக்காவின் வாழ்க்கைக் குறிப்பு நான்கு பத்தி. நன்றாகவே வந்திருந்தது, அதுதான் வினை, கிழிக்க மனம் வரவில்லை. மேஜை இழுப்பறையில் வைத்தேன். அவள் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக, நான்கு நாள் அதைப் படித்திருக்கிறாள். நான் மளிகைக் கணக்குப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐந்தாம் நாள் என் காதைப் பார்த்துக் கேட்டாள்: "நான் செத்தா அறுபத்தாறா? எனக்கு அறுபத்துநாலுதான்." திருத்த நான் பேனாவைத் தேடினேன். "படகு கவுந்தா நான் மட்டும் எப்படிங்க போறேன்? நீங்க எங்க இருந்தீங்க?" "எழுதறதுக்கு ஒருத்தன் வேணுமே" என்றேன். அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை மறுபரிசோதனை. டாக்டரம்மா கணித்ததைவிட வேகமாகப் போகிறது. இடது கண்ணில் நடு முழுக்கப் போய்விட்டது. வலது கண்ணில் மங்கல் நாளுக்கு நாள் அகலமாகிறது. எழுத்து அட்டையின் முதல் எழுத்தையே அவள் காணவில்லை, அது ஒரு சாண் உயரம். விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் அழுததில்லை என்று உனக்குத் தெரியும். அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கழிப்பறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து ஒத்திகை நோட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். கணுக்கால் தேறியபின் நடந்ததையும் சேர்த்து மொத்தம் முப்பத்தொரு ஒத்திகை. குடை தெரிந்தது முப்பத்தொன்று. வெள்ளைத் திட்டு தெரிந்தது இருபத்தாறு. பட்டன் தெரிந்தது பூஜ்யம். பதினைந்து அடியில் பூஜ்யம், பத்து அடியில் பூஜ்யம், ஐந்து அடியில் நான் கிட்டத்தட்ட அவள் மடியில் நின்றபோதும் பூஜ்யம்.

மாப்ளே, எனக்குப் பயம் படகு கவிழும் என்பது இல்லை. அவ்வளவு தூரம் வந்து, குளிரில் நின்று, அது தலையைத் தூக்கும்போது அவளுக்கு ஒன்றும் தெரியாமல் போகும். நான் "தெரியுதா?" என்று கேட்பேன். என் மனம் நோகக் கூடாது என்று அவள் "தெரியுது" என்பாள். பார்க்காததைப் பார்த்ததாக எழுதிய நிருபர்களை எனக்கு நிறையத் தெரியும். அதில் ஒருவனை அவள் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவளையும் அந்தக் கூட்டத்தில் சேர்க்க எனக்கு இஷ்டமில்லை. அதனால்தான் வேண்டாம் என்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. கடல் சரியில்லை என்று நீ போன் பண்ணிச் சொல்லிவிடு, உன் பேச்சை நம்புவாள்.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் படிப்பும் வேலையுமாக நன்றாக இருக்கட்டும். நீ வேலை செய்யும்போது காதுக்கு அடைப்பான் வைத்துக்கொள். இந்தக் குடும்பத்தில் ஒரு புலன் போனது போதும்.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்தது நேற்று. அலுவலகத்தில் அந்த இருபத்தொன்பது வருஷமும் நான் எழுதிய எதுவும் உன் அக்காவின் கையைத் தாண்டாமல் வெளியே போனதில்லை. அந்தப் பழக்கம் என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது. இன்று காலை மாடியில் குடையை விரித்துக் காயவைத்துவிட்டு, உறை ஒட்டப் போனவன், ஒட்டாமல், அங்கே ஸ்டூலில் இருந்த அவள் முன்னால் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசி வரை வாசித்துவிட்டேன். அந்த எச்சரிக்கைக் கடிதப் பத்தியையும். அவள் குடைப் பக்கம் முகத்தைத் திருப்பியபடி கேட்டாள். முடிந்ததும், "முப்பத்தொண்ணு இல்ல, முப்பது. நீங்க விழுந்த அன்னிக்கு எது தெரியுதுன்னு நான் சொல்லவேயில்ல, அதையும் சேத்துட்டீங்க" என்றாள். பிறகு, "அந்தப் பட்டனைத் தைக்கக் குடுங்க, கழண்டு தொங்கி ஆடுது" என்றாள்.

நான் எழுந்து போய்ப் பார்த்தேன். அவள் ஸ்டூலுக்கும் குடைக்கும் நடுவே என் அடியில் ஏழு அடி. பட்டன் ஒரே நூலில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"எப்படித் தெரிஞ்சுது?" என்றேன். "இத்தனை நாளும் பட்டனையே குத்திக் குத்திப் பாத்தேன். எழுத்து பாத்த பழக்கம், சின்னதுன்னா நேராப் போயிடுது. நீங்க வாசிக்கும்போது அழுகை வந்துச்சு, உங்களுக்குத் தெரியக் கூடாதேன்னு வெள்ளைத் திட்டைப் பாத்தேன். திட்டு போயிடுச்சு. பட்டன் வந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி நீங்க கண்ணுன்னு எழுதின எடத்தையே பாத்தாத்தான் கண்ணு தெரியுது, பாத்தீங்களா" என்றாள்.

ஆகவே இரண்டு இடமும் இருக்கட்டும். கடல் சரியில்லை என்று போன் செய்யாதே. ஒரு இடத்தை விடுவதானால் அது என் இடம்தான் என்கிறாள், ஏரியில் நடந்ததைக் காரணம் காட்டி. இத்துடன் தனித்தாளில் ஒரு திருத்தம் இருக்கிறது. அவள் சொல்லச் சொல்ல நான் எழுதியது. பத்திரிகை போடாது, நீ படகில் இன்ஜின் அறைக் கதவில் ஒட்டி வை. "ஓர்க்காவின் வெள்ளைத் திட்டே அதன் கண் என்று வெளியானது தவறு. கண் அதன் முன்னால், சற்றுக் கீழே உள்ளது. தவறு நிருபருடையது. பிழை திருத்துநர் அப்போதே கேட்டார். கண் நேரில் பார்த்து உறுதி செய்யப்பட்ட நாள்:" என்று எழுதி, அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறோம்.

எனக்கு ஒரு வாளி எடுத்து வை. மூடியோடு.