காற்றுக்கு வரப்பு போட்ட பெட்டிக்காரர்

நிலத்துக்கு வரப்பு போட்டவர்கள் ஊருக்கு நூறு பேர் இருப்பார்கள். காற்றுக்கு வரப்பு போட்ட ஒரே ஆள் எங்கள் பெட்டிக்காரர்தான்.

போன கோடையில் நிலத்தடித் தண்ணீர் பார்க்க, குஜிலியம்பாறைப் பக்கம் எங்கள் மானாவாரிக் காட்டுக்கு வந்தார். ட்ரோனின் வயிற்றில் ஒரு ரேடார் பெட்டியைக் கட்டிப் பறக்கவிடுவார். அது மண்ணுக்குள் அலையை அனுப்பி, பாறை எங்கே, ஈரம் எங்கே என்று படம் பிடிக்கும். அதற்கு முன் நாங்கள் போட்ட இரண்டு போர்வெல்லிலும் புழுதிதான் வந்தது. மூன்றாவதும் பொய்த்தால் காட்டை விற்றுவிட்டுத் திருப்பூர் போய்விடலாம் என்று என் மகன் முடிவாகச் சொல்லிவிட்டான்.

பெட்டிக்காரரோ முதலில் ஒரு கருவியை நீட்டி, காற்றில் வேறு யாருடைய அலையாவது ஓடுகிறதா என்று பார்ப்பார். ஓடினால் பெட்டியைத் தொட மாட்டார். முதல் நாள் ரோட்டோரம் ஒரு போலீஸ் ஜீப் நின்றது. அவர்கள் வயர்லெஸ்ஸில் பேசி, டீ குடித்து, கிளம்பும்வரை வரப்பிலேயே குந்தியிருந்தார்.

மறுநாள் ஊருக்குள் ஒரு காதுகுத்து. காலையிலிருந்து வயர்லெஸ் மைக் ஓயவில்லை.

“ஏன்ப்பா, அவுக மைக்குக்கும் ஒன் பெட்டிக்கும் என்ன பங்காளிச் சண்டை?” என்று கேட்டேன்.

“சண்டை வரக் கூடாதுன்னுதான் ஆத்தா. நான் பெட்டியப் போட்டா அவுக மைக்கு கரகரங்கும். அவுக பேசுனா எம் படத்துல கோடு கோடா விழும். முன்னாடி வந்தவுக அவுக. நான்தான் ஒதுங்கணும்.”

“வானம் இம்புட்டுப் பெருசாக் கெடக்கேப்பா!”

“பெருசுதான். பங்காளிகளும் பெருகிட்டாகல்ல?”

அன்று சாயங்காலம் அவர் அடுத்த ஊர் வேலைக்குக் கிளம்பியாக வேண்டும். எனக்கு வந்ததே கோபம்! நேரே காதுகுத்து வீட்டுக்குப் போய், தாய்மாமன் சீரை அறிவித்துக்கொண்டிருந்தவன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

“செத்த நேரம் இந்த மைக்க அமத்திப் போடுங்கய்யா!”

என் குரல் புளியமரத்தில் கட்டிய ஸ்பீக்கர் குழாயிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஏன் அமர்த்த வேண்டும் என்று சொல்ல வேண்டாமா? சொன்னேன். போர் பொய்த்த கதை, மகன் கதை, மருமகள் கதை. கைதட்டினார்கள். பொழுது சாய்ந்துவிட்டது.

காட்டுக்கு ஓடினால், பெட்டிக்காரர் ட்ரோனை மடித்துக்கொண்டிருந்தார்.

“ஏலே அப்பு, ஏன் பறக்கவிடல?”

“நீங்க பேசிக்கிட்டு இருந்தீக ஆத்தா. குறுக்க வரலாமா?”

என் வாயாலேயே என் காடு போனதே என்று வரப்பில் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியோடு வந்து நின்றார்.

“ஆத்தா, இன்னைக்கு எங்கயாச்சும் பேசுறீகளா?”

வாயைப் பொத்திக்கொண்டு, இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் தென்கோடியில் காட்டிய இடத்தில் தண்ணீர் வந்தது. மகன் திருப்பூர்ப் பேச்சை விட்டான். அந்தத் தண்ணீரில் காய்த்த முதல் கத்திரிக்காயை யாரையும் பறிக்கவிடவில்லை. முற்றினாலும் முற்றட்டும், அந்தப் பெட்டிக்காரப் பிள்ளை வந்து ஒருவாய் சாப்பிட்ட பிறகுதான் மற்றவர்களுக்கு.