நாவலாசிரியைக்கு ஒரு நிமிட மௌனம்

பிற்பகல் மூன்று நாற்பது. ஒஸ்லோவின் ரொம்சோஸ் மண்டபக் கதவின் கண்ணாடி வழியே முதலில் தெரிந்தவை முதுகுகள். எல்லோரும் எழுந்து, தலை குனிந்து, சத்தமில்லாமல் நின்றார்கள். எண்ணிப் பார்த்தேன் (பத்திரிகைக்காரப் புத்தி, வீடு எரிந்தாலும் முதலில் எத்தனை அறை என்று பார்க்கும்). நாற்பது முதுகுகள் தெரிந்தவை. கடைசி வரிசையில் சாம்பல் நிறக் கோட்டுடன் நின்ற நாற்பத்தொன்றாவது, தெரியாதது.

எதிரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். அதற்கு மாலை. முன்னால் குத்துவிளக்கு. சுடர் அசையும்போதெல்லாம் படத்தின் கண்களும் அசைந்தன. சாம்பல் கோட்டுக்காரி தலையைச் சற்றுத் திருப்பினார். படத்தில் இருந்தவரும் அவரும் ஒருவரே.

ஒப்புக்கொள்கிறேன், அந்த மாலையைப் போட்டவன் நான்.

2000களின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் பத்திரிகையொன்றில் பிழை திருத்தி, ஒஸ்லோவில் தபால் பிரித்துக்கொண்டிருந்த நான், மூன்று வருடமாக ஒரு ஸ்கொட்லாந்து நாவலைத் தமிழாக்கி வந்தேன். அந்த நாட்டில் இப்போது எழுதுபவர்களிடம் எனக்குப் பிடித்தது ஒன்று. அவர்களுடைய பாத்திரங்கள் லண்டன்காரருக்கு விளங்கட்டும் என்று வாயைத் திருத்திக்கொள்வதில்லை. மீன் தொழிற்சாலையில் கதைப்பதுபோலவே புத்தகத்திலும் கதைக்கிறார்கள். சென்னையிலிருந்து வந்த நண்பர்கள் என் பேச்சைக் கேட்டு "மலையாளமா சார்?" என்று கேட்டுக் கேட்டு நொந்திருந்த எனக்கு அது போதும். நாவலின் மீனவர்களை யாழ்ப்பாணத் தமிழில் கதைக்க விட்டேன்.

குறை ஒன்றுதான். நாவலாசிரியையின் அனுமதி இல்லை. அவர் கையொப்பம் இடாவிட்டால் மூன்று வருடமும் வீண். ஒரு வாசிப்புக்காக ஒஸ்லோ வருகிறார் என்று அறிந்து எழுதினேன். முதலில் உங்கள் ஆட்களைப் பார்க்கிறேன், பிறகு கையொப்பம் பற்றிப் பேசலாம் என்று பதில் வந்தது.

எனவே வரவேற்பு. அழைப்பிதழில் அவர் படத்தைச் சுற்றித் தடித்த கறுப்புக் கோடு போட்டேன் (எடுப்பாக இருக்குமாம்). மண்டபச் சுவரில் எதையும் ஒட்டக்கூடாது என்பதால் அதே படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு மேசையில் நிறுத்தினேன். அவர் கழுத்தில் போட வேண்டிய மாலையைக் காரில் விட்டால் வாடும், நவம்பர்க் குளிரில் வெளியே வைத்தால் உறையும். மற்ற மேசை முழுக்க வடைத் தட்டுகள். கொஞ்ச நேரத்துக்குத்தானே என்று படத்தின் மேல் கொழுவிவிட்டு, விருந்தாளியைக் கூட்டிவர சுரங்க ரயில் நிலையத்துக்கு ஓடினேன்.

பாறைக்குள் இருக்கும் அந்த மேடையில் நான்கு ரயில்கள் வந்து, கதவு திறந்து, மூடிப் போயின. எனக்கு வேண்டியவர் எதிலும் இல்லை. அவர் டாக்சியில் வந்துவிட்டிருந்தார். அதற்குள் மண்டபத்துக்கு வந்த நம்மவர்கள் அழைப்பிதழின் கறுப்புக் கோட்டை நினைத்து, மாலையைப் பார்த்து, பொறுப்பாக விளக்கை ஏற்றிவிட்டார்கள்.

மௌனம் முடிந்தது. எல்லோரும் அமர, அவரும் அமர்ந்தார். எங்கள் தமிழ்ச் சங்கத்தின் நிரந்தரப் பேச்சாளர் சிவநேசன் அண்ணை கடதாசியை விரித்தார்.

"நான் அவவை நேரிலை கண்டதில்லை. ஆனா அவவின்ரை இடத்தை இனி ஒருத்தராலும் நிரப்பேலாது."

என் மனைவி மலர் கதவடிக்கு வந்து காதுக்குள் கேட்டாள். "என்னப்பா, ஆள் எப்ப செத்தவ? நேற்றும் ஈமெயில் வந்ததெண்டனீங்கள்."

"சாகேல்லை. பின்வரிசையிலை இருக்கிறா."

மலர் திரும்பிப் பார்த்தாள். அவளைப் பார்த்து இன்னொருவர் பார்த்தார். தலைகள் ஒவ்வொன்றாகப் பின்னால் திரும்பின, படத்தைப் பார்த்தன, மறுபடி முன்னால் திரும்பி அசையாமல் நின்றன. ஒருவரும் சத்தம் போடவில்லை. ஒரு பெண் தன் கைப்பையை மடிக்கு எடுத்து இடம் விட்டாள். யாரோ முகத்தைப் பாராமலே தேத்தண்ணீர் நீட்டினார்கள். சிவநேசன் அண்ணையும் கண்டுவிட்டார். ஆனால் எழுதிவந்த பேச்சை நடுவில் நிறுத்த அவருக்குத் தெரியாது. ஆத்மா சாந்தி வரை வாசித்து முடித்தார்.

இதை நான் முன்பே படித்திருந்தேன். நாவலின் ஒன்பதாம் அத்தியாயம் இதுதான். கடலில் மூழ்கியதாக நம்பப்பட்ட பெண் தன் செத்தவீட்டுக்குள் நடந்து வருகிறாள். ஊர் அவளைக் காண்கிறது. ஒருவரும் எதுவும் சொல்லாமல், இடம் விட்டு, தேநீர் கொடுத்து, சடங்கைத் தொடர்கிறார்கள். எந்த ஊர்ச் சனம் இப்படி நடக்கும் என்று நம்பமுடியாமல் அந்த அத்தியாயத்தை நான்கு தடவை திருத்தி எழுதியிருந்தேன்.

அவர் என்னிடம் வந்து தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இறந்தது யார்? முகம் பழக்கமானதாக இருக்கிறது."

அது வரவேற்பு என்றேன். மாலை உண்மையில் உங்களுக்குத்தான் என்றேன் (உண்மைதான், ஆனால் அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்). அவர் முன்னே நடந்து, படத்திலிருந்த மாலையைக் கழற்றித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

செத்தவர் படத்து மாலையை உயிரோடு இருப்பவர் அணிந்து நான் அதற்குமுன் பார்த்ததில்லை. மண்டபம் முழுதும் ஒரே மூச்சை உள்ளே இழுத்தது. மாலையோடு சிரித்தவாறு அவர் திரும்பினார். பதிலுக்குச் சிரிக்க ஒருவராலும் முடியவில்லை.

சிரிப்பு மெல்ல இறங்கியது. "ஒன்பதாம் அத்தியாயத்தை இவர்களுக்கு வாசித்துக் காட்டினீர்களா?"

"இல்லை. என்னைத் தவிர யாரும் படிக்கவில்லை."

அவர் படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு மாலையைக் கழற்றாமலே ஒப்பந்தத் தாளைக் கேட்டு வாங்கி, ஓரத்தில் ஒரு வரி எழுதி, கையொப்பம் இட்டார். வடை சாப்பிடவில்லை.

இன்றும் நான் வீட்டுக்குப் பிந்தி வந்தால் மலர் கதவைத் திறந்து, "இப்பதான் படத்தைக் கொழுவ ஆணி தேடினனான்" என்பாள். பிள்ளைகள் எழுந்து ஒரு நிமிடம் தலை குனிந்து நிற்பார்கள்.

புத்தகம் அடுத்த வருடம் வந்தது. அவர் ஓரத்தில் எழுதிய வரியின்படி, தமிழ்ப் பதிப்பில் எட்டாம் அத்தியாயத்துக்கு அடுத்து பத்தாம் அத்தியாயம் வருகிறது.