திருடியதற்கு ஆதாரம் தேவை

"உங்க மேல ஒரு வழக்கும் இல்லைங்க," என்றார் வக்கீல் லோர்னா, கணினித் திரையை முறைத்தபடி.

"இருக்கு மேடம். திருடினது நான். எனக்குத் தெரியாதா?" என்றார் கிளீட்டஸ்.

அமெரிக்காவின் சாகினா நகரத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில், பழைய குற்றப் பதிவுகளை அழித்துத் தரும் இலவச முகாம். சட்டம் புதிதாக மாறியிருந்தது. லோர்னா இத்தனை காலமும் படகுக் காப்பீட்டு வழக்குகளோடு மல்லுக்கட்டியவர். தொண்டு வக்கீலாக உட்கார்ந்ததும் வந்த முதல் கட்சிக்காரர் கிளீட்டஸ்தான். ஒரு மனிதனின் தலையெழுத்தையே மாற்றப்போகிறோம் என்ற பூரிப்பில் காலையில் ரொட்டிகூடத் தொண்டையில் இறங்கவில்லை. முந்தின நாள் பயிற்சி வகுப்பில் பக்கம் பக்கமாகக் குறிப்பெடுத்திருந்தார். நடுவில் ஒரே ஒரு தடவைதான், கார் நிறுத்தக் கட்டண மீட்டரில் காசு போட வெளியே ஓடினார்.

கிளீட்டஸுக்குத் திங்கட்கிழமை நேர்காணல். நகரச் சாலைத் துறையில் பனி தள்ளும் வண்டி ஓட்டும் வேலை. வயது ஏறிக்கொண்டே போகிறது, இதை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் இளவட்டமாக இருந்தபோது அவர் திருடியதும் அதே துறையின் பனி வண்டியைத்தான்.

"எதுக்குங்க அதைப் போய்த் திருடினீங்க?"

"பெரிய பனிப்புயல் மேடம். என் ஆளு வீட்டுத் தெருவுல இடுப்பளவு பனி. வண்டி சாவியோட நின்னுச்சு. எடுத்தேன், தெருவைச் சுத்தமாத் தள்ளினேன், திருப்பிக் கொண்டுபோய் விட்டேன். விடுற இடத்துல போலீஸ் நின்னுச்சு."

"அந்தப் பொண்ணு?"

"நான் தள்ளிவிட்ட தெரு வழியாத்தான் வேறொருத்தன்கூடக் கார்ல ஏறிப் போயிட்டா."

லோர்னாவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. இந்த மனிதனுக்கு நியாயம் கிடைத்தே ஆகவேண்டும்! ஆனால் இல்லாத பதிவை எப்படி அழிப்பது? முதலில் திருடினார் என்று நிரூபிக்க வேண்டும். பெயரை எழுத்து மாற்றி மாற்றித் தட்டினார்.

"கிடைச்சுடுச்சு! வான்கோழித் திருட்டு!"

"அது எங்க சித்தப்பா மேடம். எனக்கு அவர் பேரைத்தான் வச்சாங்க."

"காபி குடிங்க வக்கீலம்மா," என்று குறுக்கே வந்தார் ஆர்லோ. முகாமில் காபி ஊற்றித் தரும் நரைமீசைக்காரர். "இல்லைன்னா விட்டுடுங்களேன். பழசை எதுக்குக் கிளறிக்கிட்டு?"

"கிளறினாத்தான் அழிக்க முடியும்!" என்றார் லோர்னா. பிறகு கிளீட்டஸ் பக்கம் திரும்பினார். "உங்களைப் பிடிச்ச போலீஸ்காரர் உயிரோட இருக்காரா?"

"இருக்காரு. ஞாயித்துக்கிழமையானா ஒண்ணாத்தான் மீன் பிடிக்கப் போவோம்."

அந்தப் போலீஸ்காரருக்குக் காது மந்தம். லோர்னா போனில் கத்த வேண்டியதாயிற்று. "பனி வண்டிங்க! கிளீட்டஸ் திருடினாரே!"

"யாரு, கிளீட்டஸா? தங்கமான பையன்மா! அவன் திருடவே இல்லை. எந்தக் கோர்ட்லயும் வந்து சொல்றேன்!"

"ஐயோ, அப்படிச் சொல்லிடாதீங்க!"

கீழ்த்தளமே திரும்பிப் பார்த்தது. லோர்னா மேடையில் இருந்த மைக்கைப் பிடித்தார். தடுக்க ஓடிவந்த ஆர்லோ வயர் தடுக்கிக் காபியோடு குப்புற விழுந்தார்.

"யார் பேரையும் சொல்லமாட்டேன், கட்சிக்காரர் ரகசியம் எனக்கு உயிர்! பெரிய பனிப்புயல்ல ஒரு பனி வண்டி காணாமப் போச்சே, யாருக்காவது ஞாபகம் இருக்கா?"

"நம்ம கிளீட்டஸ்!" என்று கூட்டம் ஒரே குரலில் முழங்கியது. யாரோ விசிலடித்தார்கள்.

"சாட்சி கிடைச்சாச்சு!" என்று லோர்னா குதித்தார்.

முகாமை நடத்தும் வக்கீல் ட்ரூடி மூச்சிரைக்க ஓடிவந்தார். "என்ன பண்றீங்க லோர்னா? இந்த மாதிரிப் பழைய பதிவெல்லாம் புதுச் சட்டப்படி மனுவே போடாம தானா அழிஞ்சுடும். இவரோடது ஏற்கெனவே அழிஞ்சாச்சு. நேத்து வகுப்புல சொன்னேனே!"

"எப்பச் சொன்னீங்க?"

"நீங்க காருக்குக் காசு போடப் போனப்ப!"

லோர்னா தொப்பென்று உட்கார்ந்தார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாகிவிட்டது. அரசாங்கமே மறந்துபோன திருட்டை அவர் மைக் போட்டு ஊருக்கு நினைவூட்டியிருந்தார்.

"அப்ப நான் சுத்தமா?" கிளீட்டஸின் கண் கலங்கியது. அடுத்த நொடியே முகம் வாடியது. "ஆனா திங்கட்கிழமை என்னைப் பேட்டி எடுக்கிறவர் காதுக்கு இது போயிட்டா?"

"போயாச்சு," என்றார் ஆர்லோ, சட்டையில் வழிந்த காபியைத் துடைத்தபடி. "பேட்டி எடுக்கப்போறதே நான்தான். அதே துறையில பனி வண்டி ஓட்டி மேல வந்தவன்."

லோர்னா பதறி எழுந்தார். "ஐயா, தப்பெல்லாம் என்னோடது. அவர் பொழைப்பைக் கெடுத்துடாதீங்க!"

ஆர்லோ சுற்றுமுற்றும் பார்த்தார். முதல் வேலையாக மைக்கை அணைத்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"வேலை அவனுக்குத்தான் வக்கீலம்மா. ஆனா அன்னிக்கு அந்த வண்டியில சாவியை விட்டுட்டுப் போனவன் யாருன்னு மட்டும் கண்டுபிடிக்கக் கிளம்பிடாதீங்க."