கம்ப்யூட்டருக்குத் தைத்த திரைச்சீலை

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம் கிட்ட. அந்த ஓர மேசையில் தொப்பியைக் கழற்றாமல் ஆப்பிள் பை தின்கிறாரே, அவர்தான் ஹார்லன். காது அவ்வளவாகக் கேட்காது. ஆனால் தன் பெயர் மட்டும் எவ்வளவு தூரத்தில் அடிபட்டாலும் எப்படியோ கேட்டுவிடும். அதனால் மெதுவாகத்தான் சொல்வேன்.

ஹார்லனுக்கு இந்த உலகத்தில் பிடித்த இடம் ஒன்றே ஒன்று. ஏரி உறைந்ததும் பனிக்கட்டி மேலே இழுத்துக்கொண்டு போய் நிறுத்துகிற மீன் குடிசை. உள்ளே ஒரு ஸ்டவ், ஒரு ஸ்டூல், தூண்டில் விடத் தரையில் ஒரு ஓட்டை. பிப்ரவரி மாசம் முழுக்க அந்த ஓட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். மீன் கிடைத்தால் சந்தோஷம். கிடைக்காவிட்டால் இன்னும் சந்தோஷம், செதில் சுரண்ட வேண்டாம் பாருங்கள்.

அவர் மனைவி ஆர்டிஸுக்குப் பிடித்த இடம் வேறு. அரிசோனாவில் இருக்கும் அக்கா கிளாரிஸ் வீடு. அங்கே பிப்ரவரியில் வெறும் செருப்போடு வெளியே நடக்கலாமாம். வருஷா வருஷம் ஆர்டிஸ் கூப்பிடுவார். வருஷா வருஷம் ஹார்லன் ஜன்னல் வழியாக ஏரியைப் பார்ப்பார். பேச்சு அத்தோடு முடிந்துவிடும்.

போன வருஷம் ஒரு கூத்து நடந்தது. "வாழ்த்துகள், உங்களுக்குப் பரிசாக ஒரு படகு விழுந்திருக்கிறது" என்று கம்ப்யூட்டர் சொன்னதை நம்பி ஹார்லன் எதையோ அமுக்கிவிட்டார். படகு வரவில்லை. கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. ரிப்பேர் கடையிலிருந்து அது வீடு திரும்பிய அன்று ஆர்டிஸ் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சமையலறையில் நின்றார்.

"ஹார்லன், இன்னொரு தடவை கண்டதையும் அமுக்கி இதைக் கெடுத்தியானா உனக்கு மீன் குடிசை கிடையாது. பொட்டியைக் கட்டிக்கிட்டு என்கூட கிளாரிஸ் வீட்டுக்கு வர்ற."

"கண்டதை இனிமே அமுக்கவே மாட்டேன்."

"கையைக் குடு."

கொடுத்தார். எங்கள் ஊரில் கை குலுக்கிவிட்டால் அப்புறம் கோர்ட்டுக்குப் போக வேலையில்லை.

ஒரு வருஷம் ஒழுங்காகத்தான் இருந்தார். ஜனவரியில், பனிக்கட்டியைக் குடைகிற மிஷின் என்ன விலை என்று பார்க்க உட்கார்ந்தார். ஏதோ ஒரு கடையின் பக்கம் திறந்தது. திறந்ததுமே வெகு மரியாதையாக ஒரு கேள்வி: "உங்களுக்கு அவ்வப்போது செய்தி அனுப்பலாமா?" கீழே இரண்டு பொத்தான். அனுமதி, வேண்டாம்.

"வேண்டாம்" அமுக்கினார். மறுபடி கேட்டது. மறுபடி வேண்டாம். மூன்றாம் தடவையும் கேட்டது.

இங்கேதான் மனுஷன் மாட்டிக்கொண்டார். அமெரிக்காவின் வடக்கே, மினசோட்டாவில் பிறந்தவர்கள் நாங்கள். ஒரு வீட்டுக்குப் போனால், காபி வேணுமா என்று கேட்பார்கள். முதல் தடவை "அய்யய்யோ, வேண்டாம்" என்போம். இரண்டாம் தடவை "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்போம். மூன்றாம் தடவை கேட்டால் "சரி, அரை கப்" என்று வாங்கிக்கொள்வோம். முதல் தடவையே கை நீட்டுகிறவன் அல்பம். மூன்றாம் தடவையும் மறுக்கிறவன் திமிர் பிடித்தவன். ஹார்லன் தொட்டிலிலிருந்து இப்படியே வளர்ந்தவர். பாவம், இத்தனை வற்புறுத்திக் கேட்கிறதே என்று "அனுமதி"யை அமுக்கினார்.

"ரொம்ப நன்றி" என்றும் சொன்னார். கம்ப்யூட்டரிடம். வாய்விட்டு.

மறுநாள் காலையில் திரையின் வலது மூலையில் ஒரு குட்டிப் பெட்டி குதித்தது. "எச்சரிக்கை! உங்கள் கம்ப்யூட்டரில் பதினேழு வைரஸ்!" அதை விரட்டினால் இன்னொன்று. "முடி கொட்டுகிறதா?" ஹார்லன் தொப்பிக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டார். அதையும் விரட்டினால் அடுத்தது. "உங்கள் ஊரில் தனியாக வாழும் பெண் ஒருவர் உங்களைச் சந்திக்கத் துடிக்கிறார்!" ஊரில் தனியாக வாழும் பெண் என்றால் ஹில்டா கிழவி ஒருத்திதான். போன குளிருக்கு அவளிடம் இரவல் வாங்கிய பனி வாரும் மண்வாரியை ஹார்லன் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை. துடிக்காமல் என்ன செய்வாள்?

மாடிப்படியில் ஆர்டிஸ் இறங்குகிற சத்தம் கேட்டது. ஹார்லனுக்குக் கண்ணெதிரே மீன் குடிசை ஏரியில் மூழ்கியது. கம்ப்யூட்டரைப் பட்டென்று அணைத்தார். கோட்டை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினார். எதிர்வீட்டு வென்டெல் எல்லாம் தெரிந்த மனுஷர். அதை அவரே சொல்லியிருக்கிறார்.

"வென்டெல், கம்ப்யூட்டர் மூலையில பெட்டி பெட்டியா குதிக்குதுப்பா."

"அதுக்குப் பேரு பாப்-அப்பு. என்னத்தை அமுக்கின?"

"நானா எதையும் அமுக்கல. அது கேட்டுச்சு, குடுத்தேன்."

"எத்தனை தடவை கேட்டுச்சு?"

"மூணு."

"மூணா? அப்ப நீ என்ன பண்ணுவ, பாவம்" என்றார் வென்டெல். அவரும் இந்த ஊர்க்காரர்தானே. "இலவசமா ஒரு கிளீனர் கிடைக்குது. அதை உள்ள இறக்கிவிடு. எல்லாத்தையும் பெருக்கித் துடைச்சிரும்."

"நீ போட்டிருக்கியா?"

"நான் எதுக்குப் போடணும்? எங்க வீட்டுல ஏது கம்ப்யூட்டர்?"

கிளீனர் வந்தது. வந்தது தனியாக வரவில்லை, குடும்பத்தோடு வந்தது. வானிலை என்னவென்று தேடினால் மெத்தைக் கடை திறந்தது. திரைக்கு மேலே கேட்காத பொத்தான்கள் வரிசையாக முளைத்தன. முன்பு ஒவ்வொன்றாகக் குதித்த பெட்டிகள் இப்போது ஜோடி ஜோடியாகக் குதித்தன.

ஹார்லன் யோசித்தார். பெட்டியை நிறுத்த முடியாது. ஆனால் மறைக்க முடியும். கார்ன்ஃப்ளேக்ஸ் அட்டையை வெட்டி, திரையின் வலது மூலையில் டேப் போட்டு ஒட்டினார். தூக்கிப் பார்க்க வசதியாக மேல்பக்கம் மட்டும் ஒட்டினார். அட்டையிலிருந்த சேவலுக்குத் தலை போய்விட்டது. இருந்தாலும் வேலை சுத்தம்.

ஆர்டிஸ் வந்து பார்த்தார்.

"என்ன ஹார்லன் இது?"

"வெளிச்சம். அந்த மூலை வெளிச்சம் கண்ணைக் குத்துது."

"அந்த மூலை மட்டுமா?"

"டாக்டர் சொன்னாரு."

"எந்த டாக்டர்?"

"பொதுவா. டாக்டருங்க."

ஆர்டிஸ் அட்டையைப் பார்த்தார். தலையில்லாத சேவலைப் பார்த்தார். ஹார்லனைப் பார்த்தார். "அட்டை அசிங்கமா இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் பார்த்தால், சமையலறை ஜன்னலுக்குத் தைத்து மிச்சமிருந்த நீலக் கட்டம் போட்ட துணியில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திரைச்சீலை. கீழே சுருக்கு வைத்த ஓரம் வேறு. அட்டை இருந்த இடத்தில் அழகாகத் தொங்கியது.

ஹார்லன் அதைத் தடவிப் பார்த்தார். நம்பிவிட்டாள், அப்பாவி! இந்த மாதிரி ஒருத்தியை ஏமாற்றுகிறோமே என்று அரை நிமிஷம் வருத்தப்பட்டார். அப்புறம் மீன் குடிசையை நினைத்துக்கொண்டார். வருத்தம் போய்விட்டது.

ஆர்டிஸ் அந்தப் பக்கம் போனதும் திரைச்சீலையை விலக்கினார். வைரஸ் இல்லை. ஹில்டா இல்லை. ஒரே ஒரு பெட்டி அமைதியாக உட்கார்ந்திருந்தது.

"கவனிக்கவும்: கிறிஸ்துமஸ் விளக்குகள் இன்னும் கூரையில் தொங்குகின்றன."

நாற்காலியோடு பின்னால் போனார் ஹார்லன். நேரே எதிர்வீடு.

"வென்டெல், அதுக்கு என் கூரை தெரியுது!"

"தெரியாம? இப்பல்லாம் அதுங்க எல்லாத்தையும் பார்க்குது. நான் ஒருநாள் இடுப்பு வலிக்குதுன்னு முனகினேன். மறுநாளே தபால்ல தைல விளம்பரம்."

"இப்ப என்ன செய்ய?"

"அது கேக்கறதைக் குடுத்திரு. போயிரும்."

மூக்கு உறைகிற குளிரில் ஏணி போட்டு ஏறி விளக்குகளை இறக்கினார் ஹார்லன். திரும்பி வந்து பார்த்தார். பெட்டி போய்விட்டது! வென்டெல் மேல் அவருக்கு முதன்முதலாக மரியாதை வந்தது.

அன்றிலிருந்து ஹார்லனுக்கும் பெட்டிக்கும் ஒரு நடைமுறை ஏற்பட்டுவிட்டது. அது கேட்கும், இவர் செய்வார். "குளியலறைக் குழாய் ஒழுகுகிறது." முறுக்கினார். "சோபாவுக்கு அடியில் ஒரு சாக்ஸ் இருக்கிறது." குனிந்தார், இருந்தது, எடுத்தார். "ஹில்டாவின் மண்வாரி." கொண்டுபோய்க் கொடுத்தார். கிழவி துடிப்பதை நிறுத்தினாள்.

"என்ன ஹார்லன், உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?" என்று கேட்டார் ஆர்டிஸ்.

"இல்லையே. சும்மா, செய்யணும்னு தோணுச்சு."

"மோசமில்ல" என்றார் ஆர்டிஸ். எங்கள் ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. கல்யாணத்தன்று ஹார்லனும் அவரைப் பார்த்து அதைத்தான் சொன்னார்.

ஒருநாள் பெட்டி சொன்னது: "ஆர்டிஸ் முடி வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கவனித்தீர்களா?" ஹார்லன் தலையை நீட்டி எட்டிப் பார்த்தார். ஆமாம்!

"முடி நல்லா இருக்கு கண்ணு" என்றார்.

ஆர்டிஸ் கையிலிருந்த கரண்டி நழுவிவிட்டது. கன்னம் சிவந்துவிட்டது. அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இவர் தட்டில் மட்டும் ரெண்டு துண்டு ஆப்பிள் பை.

பிப்ரவரி பிறக்க ஒருநாள்தான் பாக்கி. விடிந்தால் குடிசையை ஏரிக்கு இழுக்க வேண்டும். ஜெயித்துவிட்டோம் என்ற நிறைவோடு, கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாம் என்று திரைச்சீலையை விலக்கினார் ஹார்லன். ஆர்டிஸ் படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல வெயில். நல்ல சாப்பாடு. இருவருக்கு. வருகிறீர்களா?" கீழே ஆம், இல்லை.

படகு விஷயத்தில் பட்டவர் அல்லவா? சிரித்துக்கொண்டே "இல்லை" அமுக்கினார். உள்ளே எங்கோ டிங் என்றது. மைக்ரோவேவ் என்று நினைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி பெட்டி. "சும்மா கொஞ்ச நாள்தான். வருகிறீர்களா?"

"இல்லை." டிங்.

மூன்றாவது பெட்டி சற்றுத் தயங்கித்தான் வந்தது. "உங்களை மட்டும்தான் கேட்கிறோம். வருகிறீர்களா?"

கூடாது என்றுதான் நினைத்தார். ஆனால் விரல் யார் பேச்சைக் கேட்கிறது? மூன்றாம் தடவை மறுத்துப் பழக்கமில்லாத விரல். அதுபாட்டுக்கு "ஆம்" மேல் போய் உட்கார்ந்துவிட்டது.

டிங்.

ஆர்டிஸ் அறை வாசலுக்கு வந்தார். ஒரு கையில் போன். இன்னொரு கையில் பெட்டி, நிஜப் பெட்டி, சக்கரம் வைத்தது.

"வர்றேன்னு சொன்னது ரொம்ப சந்தோஷம் ஹார்லன்."

"எங்க வர்றேன்னு சொன்னேன்?"

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அடியில இருக்கிறதைப் படி."

போட்டுக்கொண்டு படித்தார். எறும்பு மாதிரி எழுத்தில் இருந்தது. இடம்: கிளாரிஸ் வீடு. அழைப்பவர்: ஆர்டிஸ்.

"அப்ப, அந்தக் கூரை விளக்கு?"

"நான்தான். போன்ல இருக்கிற காலண்டர்ல எழுதினா அங்க வந்து நிக்கும்."

"சாக்ஸு?"

"நான்தான்."

"பதினேழு வைரஸு?"

"அது நீ. நீ சேவலை ஒட்டின அன்னிக்கே கம்ப்யூட்டருக்குள்ள போயி, நீ அனுமதி குடுத்த கடையை எடுத்துட்டேன். அந்தக் கிளீனரையும் குடும்பத்தோட வெளிய அனுப்பிட்டேன். காபி ஆறுறதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

"அன்னிக்கே தெரியும்னா, அன்னிக்கே பொட்டியைக் கட்டுன்னு சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா வந்திருப்ப. அரிசோனா வரைக்கும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு வந்திருப்ப. நீயா வர்றேன்னு சொல்லணும்னு எனக்கு ஆசை."

"நான் ரெண்டு தடவை இல்லைன்னு சொன்னேனே ஆர்டிஸ்!"

"ரெண்டு தடவை இல்லைன்னா நம்ம ஊர்ல என்ன அர்த்தம்?"

ஹார்லன் கண்ணாடியைக் கழற்றி, கூட்டில் வைத்து மூடினார். ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"தூண்டிலையும் எடுத்து வச்சிருக்கேன்" என்றார் ஆர்டிஸ். "கிளாரிஸ் வீட்டுக்குப் பின்னாடி ஏரி இருக்கு. நீ ஓட்டை போட வேண்டாம். மொத்தமாவே திறந்து கிடக்கு."

ஹார்லனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "மோசமில்ல" என்றார்.

ஆர்டிஸ் கம்ப்யூட்டர் பக்கம் போனார். நீலக் கட்டம் போட்ட அந்தக் குட்டித் திரைச்சீலையை மெதுவாகக் கழற்றி, நாலாக மடித்து, பெட்டியில் துணிகளுக்கு மேலே பத்திரமாக வைத்தார்.

"அது எதுக்கு அங்க?"

"கிளாரிஸ் வீட்டுலயும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே ஜிப்பை இழுத்து மூடினார்.